தப்புக்கணக்கு மாமாவைத் திருத்திய வாரியம்

சிறுவர் நூல் தர வாரியத்தின் வாசலில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. மேலே உள்ளதில் ‘சிரித்துக்கொண்டே கற்போம்’ என்று எழுதியிருக்கிறது. கீழே உள்ளதில் ‘வளாகத்துக்குள் சத்தமாகச் சிரிக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் ஒரே தலைவரின் கையெழுத்து. முதல் நாள் நான் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். காவலாளி விசில் ஊதினார்.

அந்த வாசலை நான் ஏன் மிதித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு ஒரே மகள். எந்நேரமும் வாய்க்குள்ளேயே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘முணுமுணு’ என்று பெயர். கதை என்றால் வாய் ஓயாது. கணக்கு என்றால் முகம் வெளுத்துவிடும். பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுப்பாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். கை மேலே போகாது. இந்த வருடமும் தேறாவிட்டால் அதே வகுப்பில்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நானோ வீட்டில் டியூஷன் எடுப்பவள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தத் தம்பி மகள் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அதனால் நானும் தம்பியும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்தோம். அவன் விளம்பரப் பலகைகளுக்குப் படம் வரைபவன். நான் எழுத, அவன் வரைந்தான். அதன் நாயகர் தப்புக்கணக்கு மாமா. தொப்பை, கோணல் தொப்பி, உலகத்தில் தனக்குத் தெரியாத கணக்கே இல்லை என்ற நினைப்பு. மாமா வீட்டுக்குப் பத்து மீட்டர் நீளத்துக்கு வேலி போடுகிறார். மீட்டருக்கு ஒரு கம்பம். ‘பத்து மீட்டர், பத்துக் கம்பம், இதுகூடத் தெரியாதா எனக்கு?’ என்று மார்தட்டிக்கொண்டு பத்தே பத்து வாங்கிவருகிறார். கடைசி முனைக்குக் கம்பம் இல்லை. வேலி சரிகிறது. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே புகுந்து, கொடியில் காயும் மாமாவின் கால்சட்டையைத் தின்றுவிடுகிறது.

முணுமுணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தில் இருந்த கம்பங்களை விரல் வைத்து எண்ணினாள். “பதினொண்ணு மாமா! பதினொண்ணு!” என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினாள். அவள் வாழ்க்கையில் சத்தம் போட்டுச் சொன்ன முதல் விடை அதுதான். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு பக்கத்தில் மாமா விருந்து வைப்பார். இருபது பிஸ்கட். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தபின் மீதி வருவது மாமாவுக்கு. அதற்காகவே, ஆளுக்கு இரண்டாவது கொடுத்து, எத்தனை பேரைக் கூப்பிட்டால் மீதி அதிகமாக வரும் என்று யோசித்து ஏழு பேரைக் கூப்பிடுவார். ஆளுக்கு இரண்டு போக ஆறு மிச்சம். விருந்தாளி ஒருவர் வழியில் பார்த்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட, பத்துப் பேர் ஆகி, மீதி ஒன்றும் இல்லாமல் மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். இதைப் படித்த பிறகு முணுமுணு வீட்டில் எதைப் பார்த்தாலும் வகுக்க ஆரம்பித்தாள். செருப்பைக்கூட விடவில்லை.

அந்தச் சந்தோஷம் பள்ளிக்கூட வாசல் வரைதான். தலைமையாசிரியை புத்தகத்தைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

“வாரிய முத்திரை இல்லாத புத்தகம் வகுப்புக்குள்ள வரக் கூடாதுங்க.”

“பிள்ளைக்கு இப்பத்தாங்க கணக்கு வர ஆரம்பிச்சிருக்கு.”

“வரட்டும். முத்திரையோட வரட்டும்.” அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நானா விதி போட்டேன்? முத்திரை வாங்கிட்டு வாங்க, வகுப்புல வச்சே சொல்லிக்கொடுக்கறோம். இல்லைன்னா இவளை மேல ஏத்தறது கஷ்டம்.”

அன்று ராத்திரி முணுமுணு என் பக்கத்தில் வந்து படுத்தாள். “மாமா எப்ப அத்தை பள்ளிக்கூடத்துக்கு வருவாரு?” என்றாள். முத்திரை குத்திக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுவார் என்று சொன்னேன். எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன், பாருங்கள்.

வாரியக் கட்டடத்தில் நூறு அடி நீளத்துக்கு ஒரு வராந்தா. வரிசையாக விளக்குகள் எரியும். விசாரணை அறை இருக்கும் கடைசி முனை மட்டும் கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, “அம்மா!” என்று அலறியபடிதான் விசாரணைக்குள் நுழைவார்கள். அந்த அலறலைக் கேட்டுத்தான் அடுத்த ஆள் வந்துவிட்டார் என்று உள்ளே இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். மணி வாங்கும் செலவு மிச்சம்.

நானும் அலறிக்கொண்டு நுழைந்தேன். முதலில் பண்பு அலுவலர். வெள்ளைச் சேலை கட்டிய அம்மையார். என் புத்தகத்தை நுனிவிரலால் பிடித்திருந்தார்.

“இந்த மாமா பெரியவரா, இல்லையா?”

“பெரியவர்தாங்க.”

“பெரியவர் தப்பு பண்ணதா அச்சுல வரலாமா? இன்னைக்கு மாமா போட்டது தப்புன்னு இந்தப் பிள்ளை சொல்லும். நாளைக்கு அப்பா போட்டது தப்புன்னு சொல்லும். நாளன்னைக்கு வாரியம் போட்டது தப்புன்னு சொல்லும்.”

“தப்பா இருந்தா சொல்லட்டுமேங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “அதுக்குத்தானேம்மா இந்த வாரியமே இருக்கு. சொல்லாம பார்த்துக்கறதுக்கு.”

அடுத்து மனநல ஆலோசகர். அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசுபவர்.

“உங்க புத்தகத்துல கழித்தல் ரொம்ப இருக்கு.”

“கணக்குப் புத்தகம்ங்க.”

“ஒவ்வொரு கழித்தல்லயும் யாரோ ஒருத்தர் எதையோ இழக்கறாங்க. பிஞ்சு மனசு தாங்குமா? யார்கிட்டயிருந்தும் எதையும் எடுக்காத மாதிரி கழிச்சுக் காட்டுங்க.”

நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் ‘ஒன்பதிலிருந்து பூஜ்யம் போனால் மீதி எத்தனை? எட்டிலிருந்து பூஜ்யம் போனால் மீதி எத்தனை?’ என்று பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கிண்டலுக்குத்தான் செய்தேன். அவர் கண்ணைத் திறந்து படித்துவிட்டு, இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு கருணையான கழித்தலைப் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு நகைச்சுவைக் குழு. இதற்குப் பொறுப்பான நகைச்சுவை அலுவலர், மயானப் பராமரிப்புப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், ஆனால் பழைய வேலையின் குரல் போகவில்லை. குழுவின் முறை இதுதான்: ஒவ்வொரு வேடிக்கையையும் அவர் உரக்க வாசிப்பார். உறுப்பினர்கள் சிரித்துவிட்டால், ‘கவனத்தைச் சிதறடிக்கிறது’ என்று அது நீக்கப்படும். சிரிக்காவிட்டால், ‘நகைச்சுவை இல்லை’ என்று நீக்கப்படும்.

“அப்ப எதுதாங்க தேறும்?” என்று கேட்டேன்.

“புன்னகை,” என்றார். “பல்லு தெரியாம.”

அவர் எழுந்து நின்று வாசித்தார். “ஆடு. மாமாவின். கால்சட்டையை. தின்றது.” அறையில் மயான அமைதி. இரண்டு உறுப்பினர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மட்டும் அதைப் பார்த்துக் க்ளுக்கென்று சிரித்துவிட்டாள். அவளை வெளியே அனுப்பித் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆட்டின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

கடைசியில் தலைவர் வந்தார். அவர் அந்த வராந்தா வழியாக வருவதில்லை. அவருக்கென்று பின்னால் தனி வாசல் இருக்கிறது. தொப்பையைச் சரிசெய்துகொண்டு, எல்லோருடைய நாற்காலியைவிடவும் அரையடி உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கணக்குன்னா உயிர்,” என்று ஆரம்பித்தார். “இந்த வராந்தாவுக்கு விளக்கு போட்டது யாரு? நான். நூறு அடி. பத்தடிக்கு ஒரு விளக்கு. எலக்ட்ரீஷியன் பதினொரு விளக்கு கேட்டான். யார்கிட்ட? நூறைப் பத்தால வகுத்தா பத்துதானேன்னு சொல்லி ஒரு விளக்கை மிச்சம் பிடிச்சேன். அதுதான் கணக்கு!”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

“நான் பொறுப்பேத்தப்ப பாதிப் பிள்ளைங்க கணக்குல தோத்தாங்க. அதை மூணுல ரெண்டா குறைச்சுக் காட்டினேன். வர்ற வருஷம் நாலுல மூணா குறைப்போம். எல்லாரும் ஒத்துழைச்சா அஞ்சுல நாலாக்கூடக் குறைக்கலாம்!”

இன்னும் பலமான கைதட்டல். பண்பு அலுவலர் அம்மையார் எழுந்து நின்றே தட்டினார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே? ம்ஹூம். தலைவர் என் பக்கம் திரும்பி, பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“மாமா இருக்கட்டும்மா. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா தப்பு பண்ணக் கூடாது. இவ்வளவு பெரிய வாரியம் நடத்தறேன், நான் பண்றேனா?”

வேறு வழி? பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். முத்திரை கிடைத்தால் போதும், பிள்ளை மேல் வகுப்புக்குப் போனால் போதும் என்று நினைத்தேன். வேலிப் பக்கம் இப்படி ஆனது: ‘மாமா பதினொரு கம்பம் வாங்கினார். வேலி நன்றாக நின்றது. ஆடு வெளியே நின்றது.’ விருந்துப் பக்கத்தில் மாமா இருபது பிஸ்கட்டையும் இருபது பேருக்குக் கொடுத்துவிட்டு, பகிர்ந்துண்பதன் நன்மையைப் பற்றி அரைப் பக்கம் பேசினார்.

முணுமுணு புது மாமாவை ஆசையாக வாங்கிக்கொண்டு போனாள். மூலையில் உட்கார்ந்து முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று புரட்டினாள். வாய்கூட முணுமுணுக்கவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

“அத்தை, மாமா செத்துட்டாரா?”

அந்த வாரம் பள்ளியில் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது மறுபடியும் அப்படியே நின்றுவிட்டாளாம். மறுபடியும் வாந்தி. வாளியைக் கழுவிக்கொண்டே நான் தம்பியிடம் சொன்னேன்:

“அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்.”

“விடுக்கா. அவங்களோட நம்மளால மல்லுக்கட்ட முடியுமா?”

“என் மாமாவைக் கொன்னுட்டு, இவரு மட்டும் மேடை மேல நின்னு கைதட்டல் வாங்குவாரா? பார்த்துக்கிட்டே இரு.”

சவால் விட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வழியை வாரியமே காட்டிக்கொடுத்தது. திருத்திய புத்தகத்தையும் அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. அவர்கள் சொல்லி நான் மாற்றியதையே அடித்திருந்தார்கள். ‘ஆடு வெளியே நின்றது’ என்பதற்குப் பக்கத்தில், ‘ஆடு ஏன் ஒதுக்கப்பட்டது?’ என்று ஒரு கேள்வி. புத்தகம் முழுக்க ஒரே ஒரு வரிதான் கோடு படாமல் இருந்தது. வாரியத்துக்குப் போகும் எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் தலைவரின் பொன்மொழி ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. கடுப்பில் நான் அந்த விளக்குக் கணக்கையே அங்கே போட்டிருந்தேன்: ‘நூறு அடி. பத்தடிக்கு ஒரு விளக்கு. ஆக பத்து விளக்கு. அதுதான் கணக்கு!’ அதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் இருந்தது.

மறுநாளே போய், முழங்காலை இடித்துக்கொண்டு, நகைச்சுவை அலுவலரைப் பிடித்தேன்.

“இதை மட்டும் ஏங்க அடிக்கலை?”

“தலைவர் வாக்கும்மா அது. அதுல யாரும் கை வைக்க மாட்டோம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “முன்னாடி ஒருத்தர் ஒரே ஒரு கமா போட்டாரு. இப்ப கிடங்குல நனைஞ்ச புத்தகத்தைக் காயவச்சுட்டு இருக்காரு.”

“ஒரு புத்தகத்துல தலைவர் வாக்கு எத்தனை போடலாம்?”

“குறைஞ்சது ஒண்ணு.”

“அதிகபட்சம்?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அதுக்கு விதியே இல்லையேம்மா,” என்றார்.

அன்றிலிருந்து தலைவர் பேசும் கூட்டங்களில் முதல் வரிசையில் நான் இருப்பேன். திறப்பு விழாவா, பரிசளிப்பு விழாவா, யாருக்காவது வழியனுப்பு விழாவா, ஒன்றையும் விடவில்லை. அவர் வாயைத் திறந்தால் போதும், எனக்கு ஒரு பக்கம் தேறும். ‘புத்தகப் பையோட எடையை இருபது சதவீதம் குறைச்சேன். பெற்றோர் கேட்டதால மறுபடி இருபது சதவீதம் கூட்டினேன். ஆக பழைய எடை அப்படியே இருக்கு, யாருக்கும் நஷ்டமில்லை.’ ‘ஒரு தப்பைத் திருத்த ஒருத்தருக்கு ஒரு நாள் ஆகுது. நாங்க ஒன்பது பேர் இருக்கோம். ஆக ஒரு தப்பைத் திருத்த ஒன்பது நாள் எடுத்துக்கறோம்.’ நான் கைதட்டிக்கொண்டே எழுதிக்கொண்டேன். இவ்வளவு பக்தியான எழுத்தாளரைப் பார்த்ததில்லை என்று அவர் ஒருமுறை மேடையிலேயே என்னைக் காட்டிச் சொன்னார்.

புதுப் புத்தகத்தின் பெயர் ‘தலைவரோடு கணக்கு’. ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரின் வாக்கு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். கீழே ஒரே ஒரு வரி: ‘தலைவர் கூறியதைப் படம் வரைந்து மெய்ப்பிக்கவும்.’ படத்துக்காகத் தம்பி பழைய மாமாவை எடுத்துக்கொண்டு கோணல் தொப்பியைக் கழற்றிவிட்டு வழுக்கை வைத்தான். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வாரியத்தில் அந்தப் புத்தகம் வழுக்கிக்கொண்டு போனது. பண்பு அலுவலர் அம்மையார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “பெரியவர் சொல்லைப் பிள்ளை மெய்ப்பிக்குது. இதுக்கு மேல என்ன பண்பு வேணும்?” என்றார். மனநல ஆலோசகர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார். ஒருவர்கூட ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தால் சந்தேகப்பட்டதாகிவிடும் அல்லவா? மெய்ப்பிக்க வேண்டியது பிள்ளைகள், நமக்கு எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நகைச்சுவை அலுவலர் மட்டும் புத்தகப் பைக் கணக்கு இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். உள்ளங்கையில் பேனாவால் எழுதினார். நூறில் இருபது போனால் எண்பது. எண்பதில் இருபது சதவீதம் பதினாறு. தொண்ணூற்றாறு. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய மீசை நடுங்கியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இது எந்தப் பிரிவு? நகைச்சுவைன்னு போட்டா நான் குழுவுல வாசிக்கணும்.”

“சிந்தனை நூல்ங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்ப சரி. சிந்தனையை வாசிக்க வேண்டியதில்லை.” முத்திரையை எடுத்து, மையில் நன்றாக அழுத்தி, முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். “சீக்கிரமே எனக்கு ஓய்வும்மா. இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து நான் சிரிக்கவே இல்லை. நீங்க வெளிய போயிட்டுக் கதவைச் சாத்துங்க.”

நான் வராந்தாவின் பாதி தூரம் நடக்கும்வரை உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடினார்.

தலைவருக்கு வாயெல்லாம் பல். “எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்க. ஒவ்வொரு பிள்ளை கையிலயும் நான் இருக்கணும்,” என்று உத்தரவு போட்டார். வெளியீட்டு விழாவை எங்கே வைக்கலாம் என்று அவருடைய ‘பக்தையான’ என்னிடமே கேட்டார். முணுமுணுவின் பள்ளியைச் சொன்னேன்.

பள்ளி அரங்கில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு புத்தகத்தோடு. மேடையில் வாரியமே வந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு பெரிய கரும்பலகை. நானும் தம்பியும் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றோம். தலைமையாசிரியை மேசைக்குள் பூட்டிய பழைய புத்தகத்தை மறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் திட்டமெல்லாம் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும், அவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதோடு சரி. ஆனால் தலைவருக்கு அவ்வளவு பொறுமை ஏது?

“யாராவது ஒரு பிள்ளை மேடைக்கு வந்து என் கணக்கை மெய்ப்பிச்சுக் காட்டட்டும்!” என்றார். முன்வரிசையைப் பார்த்து விரலை நீட்டினார். “அதோ, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிட்டு இருக்கே, அந்தப் பொண்ணு. வா கண்ணு.”

தம்பி என் கையை இறுக்கிப் பிடித்தான். முணுமுணு எழுந்து, படியேறி, கரும்பலகை முன்னால் போய் நின்றாள். சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். கை மேலே போகவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பாவி, பழிவாங்கப் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தொப்பையைத் தள்ளி, உரக்க வாசித்தார். “நூறு அடி வராந்தா. பத்தடிக்கு ஒரு விளக்கு. நூறைப் பத்தால வகுத்தா பத்து. ஆக பத்து விளக்கு. இதுகூடத் தெரியாதா எனக்கு?”

கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது. முணுமுணு சட்டென்று திரும்பினாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தொப்பையில் கண் நின்றது. பிறகு பலகைப் பக்கம் திரும்பி ஒரு நீளக் கோடு இழுத்தாள். ஆரம்பத்தில் ஒரு விளக்கு, பத்தடி தள்ளி ஒன்று, அப்புறம் ஒன்று. கை நிற்கவே இல்லை. கோட்டின் கடைசி முனையை அடைந்ததும் அங்கேயும் ஒரு விளக்கைப் பெரிதாகப் போட்டாள். திரும்பி நின்று, அரங்கமே கேட்கக் கத்தினாள்:

“பதினொண்ணு மாமா! பதினொண்ணு!”

பிறகு பிள்ளைகள் எல்லோரும் தங்கள் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணினார்கள். “பதினொண்ணு! பதினொண்ணு!” என்று அரங்கம் முழுக்கக் கத்தல். தலைவர் கையைத் தூக்கி அமர்த்தப் பார்த்தார்.

“பாருங்க, பாருங்க! இப்படித்தான் பாதிப் பிள்ளைங்க கணக்குல தோத்துட்டு இருந்தாங்க. இதைத்தான் நான் முக்காலா குறைக்கப் போறேன்!”

முணுமுணு மறுபடி பலகைக்குத் திரும்பினாள். ஒரு வட்டம் போட்டுப் பாதி தீட்டினாள். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு முக்கால் தீட்டினாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. “கூடுது மாமா! கூடுது!” என்று தரையில் இருந்த அத்தனையும் ஒரே குரலில் கத்தின. பின்வரிசையில் பெற்றோர்கள் சிரித்தார்கள். ஆசிரியைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் நகைச்சுவை அலுவலர் எழுந்து நின்று, மயானத்தில் நிற்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. தலைவர் யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தெரியாமல், விளக்குக் கணக்கை இன்னொரு முறை வாசித்தார். இன்னொரு முறை பதினொண்ணு என்று பதில் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது. அந்த இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்ட அத்தனை பேருக்காகவும் நான் நின்று ரசித்தேன்.

மறுநாள் வாரியத்தில் அவசரக் கூட்டம். புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் தலைவர். ஒரு புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதில் எந்த வரி தவறு என்று குறிக்க வேண்டும். எல்லா வரியும் தலைவர் வாக்கு. அதில் யார் கை வைப்பது? பண்பு அலுவலர் அம்மையார் இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாராம். மனநல ஆலோசகர் கண்ணைத் திறக்கவே இல்லையாம். தலைவர் வாக்கைத் தலைவர் மட்டும்தான் திருத்தலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓய்வுபெறும் நாளில் நகைச்சுவை அலுவலர் இதை என்னிடம் சொன்னார். சொல்வதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

முணுமுணு அந்த வருடம் தேறினாள். தலைமையாசிரியை பழைய புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் பேரனுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். வராந்தாவின் கடைசி முனை இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு விளக்கைப் போட்டால் யார் சொன்னது தவறு என்ற கேள்வி வருமே! புத்தகம் மட்டும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. தலைவர் எந்தத் தெருவில் இறங்கினாலும் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து “பதினொண்ணு மாமா!” என்று ஒரு குரல் வருகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. முணுமுணு ஓடிப்போய் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம்.

“அத்தை, மாமா சாகலை. ஃபோன்ல இருக்காரு. புத்தகத்துல எது எது தப்புன்னு சொல்லணுமாம்.”

“எதுக்காம்?”

“அவரு சொன்னதை அவருதான் திருத்தணுமாம். நீங்க சொன்னா, குறிச்சுக்குவாராம்.”

நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

“அதெல்லாம் சொல்லித்தர முடியாது,” என்றேன். “படம் வரைஞ்சு மெய்ப்பிக்கச் சொல்லு.”